கொலாய்டல் சில்வர்: வெள்ளிக் கூழ்மம்

‘கொலாய்டு’ என்ற சொல்லை 1861இல் ஆக்கியவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம். கிரேக்கத்தில் ‘கொல்லா’ என்றால் பசை. உப்பும் சர்க்கரையும் நீரில் கரைந்து தோல்தாளின் வழியே எளிதில் ஊடுருவுகின்றன. கோந்து போன்றவை அப்படிப் போவதில்லை. இந்த இரண்டாம் வகைக்கு அவர் இட்ட பெயர் அது. நம் பாடநூல்கள் இதைக் ‘கூழ்மம்’ என்கின்றன. கூழிலிருந்து பிறந்த அருமையான ஆக்கம்.

‘கொலாய்டல் சில்வர்’ என்பதைக் ‘கூழ்ம வெள்ளி’ என்று சிலர் எழுதும்போது, வெள்ளியிலேயே ஒரு வகை போலத் தோன்றிவிடுகிறது. நீரில் வெள்ளித் துகள்கள் பரவி நிற்கும் கூழ்மம் என்பதால் ‘வெள்ளிக் கூழ்மம்’ என்பதே பொருந்தும். சித்த மருத்துவத்தின் வெள்ளி பற்பம் வேறு. அது புடமிட்டு எடுக்கும் பொடி.

இதை மருந்தென்று நம்பி வீட்டில் செய்பவர்கள் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை நிறுத்தி நேர்மின்சாரம் செலுத்துகிறார்கள். கம்பியிலிருந்து வெளிவருவதில் பெரும்பங்கு துகளாக நிற்பதில்லை, அயனியாக, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுவாகக் கரைந்துவிடுகிறது. தெளிந்திருக்கும் அந்த நீரில் சிறிது சமையல் உப்பைப் போட்டால் வெள்ளி குளோரைடு உண்டாகி, பால் கலந்ததுபோல் வெண்மையாகக் கலங்கும். கூழ்மம் என்று பெயரிட்ட புட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் கரைசல்தான். துகள் இருந்தால், இருட்டறையில் லேசர் ஒளியைப் பாய்ச்சும்போது நீருக்குள் அதன் பாதை கோடாகத் தெரியும். இது டிண்டால் விளைவு. எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்பதை அது சொல்லாது. நீரில் கரைந்திருப்பதன் அளவைக் காட்டும் என்று பலர் நம்பும் டி.டி.எஸ். மீட்டரும் மின்கடத்தலை மட்டுமே அளக்கிறது. துகள்கள் அதன் கணக்கில் வருவதில்லை. ஆகவே வீட்டில் செய்தவருக்குத் தாம் விழுங்கும் அளவு தெரியவே தெரியாது.

வெளிச்சம் பட்டால் வெள்ளி கருக்கும் என்பதால் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் வைக்கிறார்கள். உறைந்தால் துகள்கள் திரண்டு அடியில் படியும்.

இதைக் குடிக்கவே கூடாது. உடலில் சேரும் வெள்ளி தோலை நீலச் சாம்பல் நிறமாக்குகிறது. ‘அர்ஜைரியா’ எனப்படும் அந்த மாற்றம் நிலையானது. அமெரிக்காவின் மொன்டானாவில், 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாற்றால் மருந்து கிடைக்காமல் போகும் என்று அஞ்சி இதைத் தாமே செய்து குடித்த அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ் அப்படித்தான் நிறம் மாறினார். கடையில் விற்கும் இத்தகைய மருந்துகளுக்குப் பாதுகாப்பும் பலனும் நிறுவப்படவில்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 1999இல் அறிவித்தது. தீக்காயத்துக்கு மருத்துவர் எழுதித்தரும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு மேலே பூசுவதற்கானது. அதைச் சான்றாகக் காட்டி இதைக் குடிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.