ஒரு சட்டைக்கு எத்தனை கிலோ மா?

கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கம் ஒரு கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம். பொதுநோக்கு மண்டபத்தில் பாய் விரித்து இருபது பேர் வரை இருந்தார்கள். சிறுதொழிலுக்குப் பதிய வந்தவர்களிடம் என்ன செய்ய யோசிக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். கடைசியாக இருந்தவர் ஓர் அக்கா. 2009இல் ஷெல் பட்டு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்திருந்தார்.

"என்னை எழுதாதேங்கோ மிஸ். மா வறுக்கிறதெண்டாலும் பக்கத்து வீட்டு ராசாத்திதான் முன்னுக்கு. தையல் எண்டாலும் அவதான் முன்னுக்கு. எல்லாத்திலையும் பின்னுக்கு நிக்கிற நான் என்னத்தைச் செய்து விக்கிறது?"

ராசாத்தி என்று அவர் சொன்னது செல்லமாக. அந்தப் பெண்ணும் அங்கேயே இருந்தார். வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பொருளியல் படித்துவிட்டுப் பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருப்பவள். இந்தக் கேள்வியை வன்னியில் வெவ்வேறு வாய்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். தம்புள்ளையில் எங்களைவிட மலிவாக மரக்கறி செய்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் எங்களைவிட நன்றாக வெங்காயம் செய்கிறார்கள், நாங்கள் எதைக் கொண்டுபோய்ச் சந்தையில் வைப்பது என்று கேட்பார்கள். இதற்குப் பொருளியலில் இருநூறு வருடப் பழமையான ஒரு பதில் இருக்கிறது. உயர்தரத்தில் ஒப்பீட்டு நன்மை என்று மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த கையோடு எல்லோரும் மறந்துவிடுகிற பாடம். அன்று அதை அந்த இரண்டு பெண்களையும் வைத்தே போட்டுப் பார்த்தோம்.

இருவரிடமும் நேரக் கணக்குக் கேட்டேன். வீட்டு வேலை போக ஒரு நாளில் தொழிலுக்குக் கிடைப்பது ஆறு மணித்தியாலம். அரிசியை ஊறப்போட்டு, மில்லில் அரைத்து வந்து, அரித்து, தாச்சியில் வறுத்து எடுப்பதென்றால் ராசாத்தி ஒரு நாளில் 12 கிலோ மா செய்வார். நாள் முழுக்கத் தைத்தால் ஆறு பள்ளிச் சட்டை. அக்காவுக்கு அடுப்படியில் நீண்ட நேரம் நிற்கமுடியாது, நெருப்பு வெக்கையில் பொய்க்கால் பொருந்தும் இடம் புண்ணாகும். அதனால் மா என்றால் நாலு கிலோதான். தையல் என்றால் நாலு சட்டை. இரண்டிலும் அக்கா பின்னுக்குத்தான். அதில் பொய் இல்லை.

சரி, இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம். ஒரு சட்டை தைப்பதற்காக ராசாத்தி எத்தனை கிலோ மாவை விட்டுக்கொடுக்கிறார்? ஆறு சட்டை தைக்கிற நேரத்தில் 12 கிலோ வறுத்திருப்பார், ஆகவே ஒரு சட்டைக்கு இரண்டு கிலோ. அக்கா? நாலு சட்டைக்கு நாலு கிலோ, ஒரு சட்டைக்கு ஒரே கிலோ. எங்கள் பாடப்புத்தகங்கள் இதை அமையச்செலவு என்கின்றன. ஒன்றைச் செய்வதற்காக நீங்கள் செய்யாமல் விட்ட மற்றதுதான் அதன் உண்மையான விலை. அந்த விலையில் பார்த்தால் இருவரில் மலிவாகச் சட்டை தைப்பவர் அக்கா. ராசாத்தியின் தையல் வேகமானது, ஆனால் விலை கூடியது. அவர் மெஷினில் இருக்கிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அடுப்பில் இரண்டு கிலோ மா குறைகிறது.

இரண்டு பேரும் அரை நாள் மா, அரை நாள் தையல் என்று தனித்தனியாகச் செய்தால் ராசாத்தியிடம் ஆறு கிலோவும் மூன்று சட்டையும் இருக்கும். அக்காவிடம் இரண்டு கிலோவும் இரண்டு சட்டையும். மொத்தம் எட்டுக் கிலோ, ஐந்து சட்டை. இனி அக்கா நாள் முழுக்கத் தையலில் இருக்கட்டும், நாலு சட்டை வரும். ராசாத்தி ஒரு மணித்தியாலத்தில் ஒரு சட்டையைத் தைத்துவிட்டு மிச்ச ஐந்து மணித்தியாலமும் மா வறுக்கட்டும், பத்துக் கிலோ வரும். மொத்தம் பத்துக் கிலோ, அதே ஐந்து சட்டை. யாரும் ஒரு நிமிடம்கூடக் கூட வேலை செய்யவில்லை, இரண்டு கிலோ மா புதிதாக வந்திருக்கிறது.

அதை எப்படிப் பங்கிடுவது? ஒரு சட்டைக்கு ஒன்றரைக் கிலோ என்று பேசிக்கொண்டால் அக்கா இரண்டு சட்டையைக் கொடுத்து மூன்று கிலோ வாங்குவார். முன்பு அவரிடம் இரண்டு கிலோவும் இரண்டு சட்டையும், இப்போது மூன்று கிலோவும் இரண்டு சட்டையும். ராசாத்தியிடம் ஏழு கிலோவும் மூன்று சட்டையும், அவருக்கும் ஒரு கிலோ கூட. நடப்பில் இது காசாகத்தான் கைமாறும். பள்ளிச் சீருடைத் துணி அரசாங்கம் தருவது, கேட்பது தைப்புக்கூலி மட்டும். கணக்கு கண்ணுக்குத் தெரியத்தான் கிலோவில் சொல்கிறேன்.

கரும்பலகையில் இதைப் போட்டு முடித்தபோது அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ராசாத்தியிடம் திரும்பி, "அப்ப என்ரை சட்டையிலை உனக்கும் லாபம் இருக்குதடி" என்றார். எத்தனையோ பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறேன். இதைவிட நன்றாக அந்தப் பாடத்தை யாரும் ஒரு வரியில் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தக் கணக்கை உலகுக்கு விளக்கியவர் டேவிட் ரிக்காடோ, இலண்டன் பங்குச் சந்தையில் பணம் சம்பாதித்து பின்னாளில் பாராளுமன்றம் போனவர். 1817இல் வந்த அவருடைய நூலில் உதாரணம் இங்கிலாந்தும் போர்த்துக்கலும். ஒரு குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் ஒரு வருடத்துக்கு 100 பேர் வேண்டும், வைன் செய்ய 120 பேர். போர்த்துக்கலில் துணிக்கு 90 பேர், வைனுக்கு 80 பேர் போதும். இரண்டிலும் போர்த்துக்கல்தான் முன்னுக்கு. இருந்தும் 80 பேரின் உழைப்பில் வந்த வைனைக் கொடுத்து, தான் நெய்தால் 90 பேரைக் கேட்கும் துணியை வாங்குவது போர்த்துக்கலுக்கு நல்லது. இங்கிலாந்துக்கு 100 பேர் நெய்த துணிக்கு, தான் செய்தால் 120 பேரைக் கேட்கும் வைன் கிடைக்கிறது. யார் எதில் கெட்டிக்காரர் என்பதோடு நின்றவர் அவருக்கு முந்திய பொருளியலாளர் அடம் ஸ்மித். பின்னுக்கு நிற்பவருக்கும் வியாபாரத்தில் இடமிருக்கிறது என்று எண்ணில் காட்டியது ரிக்காடோ. எனக்கு அவரைப் பிடிப்பது அதனால்தான்.

வன்னியில் இதைப் பேசும்போது ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகமுடியாது. "எல்லாத்தையும் நாங்களே செய்யவேணும், ஒருத்தரையும் நம்பக்கூடாது" என்று முதியவர்கள் சொல்வார்கள். அது சும்மா வந்த சொல் அல்ல. 1990களில் எங்கள் பகுதிக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை இருந்தபோது நான் சின்னப்பிள்ளை. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் எதுவும் உள்ளே வராது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அந்த விளக்கில்தான் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்பார் அப்பா. சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழக் களி. அந்த நாள்களில் தற்சார்பு எங்களைக் காப்பாற்றியது, அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அதே நாள்கள் வேறொன்றையும் காட்டின. பாதை அடைபட்டால் விளைந்ததற்கு விலை இல்லை, விளையாததற்கு விலை எட்டாது. எங்கள் நெல்லும் கடல் மீனும் உள்ளேயே தேங்கின, ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு அலைந்தோம். 2002இல் யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கிற ஏ9 வீதி திறந்தபோது அம்மா முதலில் வாங்கியது வாசச் சவர்க்காரம் ஒரு கட்டி. 2006 ஓகஸ்ட்டில் பாதை திரும்பவும் மூடியது. வியாபாரத்தின் பயனைப் புத்தகத்தில் படிக்காமலே அறிந்த சனம் நாங்கள், அது அறுந்தால் என்ன ஆகும் என்பதை உடம்பால் அறிந்தவர்கள்.

போருக்குப் பிறகு உதவி வந்தது, நல்ல மனதோடுதான் வந்தது. ஆனால் ஒரு கிராமத்தில் எல்லோருக்கும் தையல் மெஷின், அடுத்த கிராமத்தில் எல்லோருக்கும் கோழி என்று கொடுத்தார்கள். முப்பது வீட்டிலும் முட்டை இருந்தால் யார் யாரிடம் முட்டை வாங்குவது? கொடுக்கல் வாங்கலுக்கு வித்தியாசம் வேண்டும். திட்டம் எழுதுகிற என் சக உத்தியோகத்தர்களிடம் இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்: பயனாளிப் பட்டியலுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டின் நேரக் கணக்கையும் எடுங்கள். என்ன தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள், அதைச் செய்யும்போது எது நிற்கிறது என்றும் கேளுங்கள்.

இனி இந்தப் பாடத்தின் கசப்பான பக்கம். வியாபாரத்தால் மொத்தம் கூடும். ஆளாளுக்குக் கூடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டக் காணிகளில் மிளகாய் செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது செத்தல் மிளகாயும் வெங்காயமும் பொன் விலை போயின. கல்வீடு எழும்பியது, உழவு இயந்திரம் வந்தது. 1977க்குப் பிறகு சந்தை திறந்தது, வெளிநாட்டு மிளகாய் வந்து இறங்கியது, விலை விழுந்தது. நாடு முழுவதும் சமையல் செலவு குறைந்தது உண்மை. விசுவமடுக்காரரின் அடுப்பு அணைந்ததும் உண்மை. இலாபம் பெற்ற பெருங்கூட்டம் நட்டப்பட்ட சிறுகூட்டத்துக்கு வேறு பயிருக்கு மாறக் கைகொடுத்திருந்தால் கதை வேறு. அப்படி ஏதும் நடக்கவில்லை. சந்தையைத் திறக்கச் சொல்கிற பொருளியலாளர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வது எனக்கு இன்றும் கோபம் தருகிறது. ரிக்காடோவின் கணக்கில் துணி நெய்தவர் அடுத்த நாளே வைன் செய்யப் போய்விடுவார். மிளகாய்த் தோட்டத்தில் கிணறும் கடனும் இருக்கின்றன, அவை எழும்பி நடக்காது.

பங்கீடும் அப்படித்தான். அக்காவின் சட்டைக்கு ஒரு கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் இடையில் எந்த விலை பேசினாலும் இருவரும் நட்டப்படமாட்டார்கள். அந்த இடைவெளிக்குள் யார் எவ்வளவு எடுப்பது என்பது பேரம் பேசும் பலத்தில் இருக்கிறது. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை நேரம் பரந்தன் வீதியால் வாருங்கள். வீதியோரம் நெல்லைப் பரப்பிக் காயவிட்டிருப்பார்கள், காயவிட இடமில்லாதவர்கள் பச்சை நெல்லாகவே வயலில் வைத்து மூடை கட்டிக் கொடுப்பார்கள். வாங்குகிற வியாபாரியிடமே உரத்துக்குக் கடன் பட்டிருந்தால் விலை கேட்க வாய் எழும்பாது. பிறகு அந்த நெல் வேறு மாவட்டத்தில் குற்றி, பையில் அடைத்து, அரிசியாக எங்கள் கடைக்கே திரும்பி வரும். நெல் செய்வதில் வன்னிக்கு ஒப்பீட்டு நன்மை இருக்கிறது, இரணைமடுக் குளத்துத் தண்ணீரும் பரந்த வயலும் அதற்குச் சாட்சி. அந்த நன்மையில் எங்கள் பங்கு சிறுத்துப்போவதற்குக் காரணம் காயவிடும் தளமும் களஞ்சியமும் இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கையில் காசும் இல்லாததுதான்.

"அப்ப வீட்டுத் தோட்டத்தை விட்டிட்டு ஒண்டை மட்டும் செய்யவோ மிஸ்?" என்று ஒரு அம்மா கேட்டார். விடவேண்டாம் அம்மா. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியதும், 2022இல் கப்பலுக்குக் கட்ட நாட்டிடம் டொலர் இல்லாமல் போனதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். முருங்கை, வாழை, நாலு கோழி, ஒரு கத்தரிப் பாத்தி எல்லாம் காப்புறுதிக்குக் கட்டுகிற பணம் மாதிரி. அதில் இலாபம் பார்க்கவேண்டியதில்லை. தொழிலுக்கென்று ஒதுக்கிய ஆறு மணித்தியாலத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். அக்காவின் மெஷினுக்கு மோட்டர் பூட்டியாயிற்று. மிதிக்கத் தேவையில்லை, நல்ல காலால் லேசாக அழுத்தினால் போதும். நாளைக்கு ஆறு சட்டை தைக்கிறார், ராசாத்தியின் அதே வேகம். மா வறுத்தால் இன்றும் நாலு கிலோதான், ஆகவே அவர் தைக்கும் ஒரு சட்டையின் அமையச்செலவு முக்கால் கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டது. ராசாத்தி தையலை விட்டுவிட்டார். அவர் வீட்டு வாசலில் மா காயவிட்ட பாய் இரண்டு, நாலாகியிருந்தது. மார்கழி விடுமுறைக்குள் தைத்து முடிக்கவேண்டிய வெள்ளைத் துணி அக்காவின் கட்டிலில் குவிந்து கிடந்தது.

"ஒண்டரைக் கிலோ காணாது எண்டு சொல்லிப்போட்டன் மிஸ்" என்றார் அக்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி. "அவவுக்கு ரெண்டு கிலோ மிச்சமாகுது. ஒண்டே முக்கால் கேட்டிருக்கிறன்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ராசாத்தி சொன்னார்: "ஒரு கிலோ அறுநூறு அக்கா. அதுக்கு மேலை ஏலாது."