கை எட்டும் தூரத்தில் மோகனம்

வீணைத் தந்தியை அழுத்த விரலில் வலு வேண்டும்; ஆர்மோனியத்துக்கு இரண்டு கையும் வேண்டும். பெருமூளை வாதம் உள்ள பல குழந்தைகளுக்கு இரண்டுமே கைகூடுவதில்லை. முழங்கையை ஒரு சாண் அசைக்க முடிந்தால் போதும், அந்த அசைவையே சுரமாக்கலாம். இங்கிலாந்தின் சவுண்ட்பீம் கருவி பல ஆண்டுகளாகச் செய்வது இதைத்தான். அதன் எளிய வடிவத்துக்குத் தேவை எச்.சி.எஸ்.ஆர்.04 மீயொலி உணரி (காதுக்கு எட்டாத ஒலியால் தூரத்தை அளப்பது), ஆர்டுயினோ லியனார்டோ போர்டு (நிரல் எழுதக்கூடிய சின்ன மின்பலகை), அதைப் போனின் யு.எஸ்.பி. துளையில் இணைக்கும் ஓ.டி.ஜி. கேபிள், ஒலி எழுப்ப ஆண்ட்ராய்டு போன். லியனார்டோவைச் சொல்லக் காரணம், அது நேரடியாக மிடி (சுரங்களை எண்களாக அனுப்பும் முறை) கருவியாகத் தன்னைப் போனுக்குக் காட்டிக்கொள்ளும். ஊனோ போர்டு அப்படிச் செய்யாது.

உணரி 40 கிலோஹெர்ட்ஸில் எட்டுத் துடிப்புகளை அனுப்பி, கையில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்குக் காத்திருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுவதால், 50 செ.மீ. தொலைவில் உள்ள கைக்குப் போய்வர 2.9 மில்லிசெகண்ட். மார்கழிக் காலைக்கும் கத்திரி வெயிலுக்கும் இடையே இந்தக் கணக்கு அதிகம் போனால் ஒன்றரை செ.மீ. பிசகும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

கண்டுகொள்ள வேண்டியது குழந்தையின் அசைவு. சிரமமில்லாமல் பத்துத் தடவை கையை நீட்டி மடக்கச் சொல்லி, மிகக் கிட்டத்தையும் மிகத் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 18 செ.மீ. கிடைத்தது என்று வைப்போம். மோகன ராகத்தின் ஐந்து சுரங்களோடு மேல் ச-வையும் சேர்த்து ஆறுக்கும் பங்கிட்டால் தலைக்கு 3 செ.மீ.; அளவீடே ஒரு செ.மீ. துள்ளும் என்பதால் இது போதாது. ச, ரி, க, ப என்று நான்கோடு நிறுத்தி, 4.5 செ.மீ. கொடுங்கள். மிடி எண்கள் 60, 62, 64, 67. அசைவு கூடினால் த, மேல் ச ஆகியவற்றுக்கு 69, 72 சேர்க்கலாம். மோகனத்தில் அரைச்சுர நெருக்கம் இல்லாததால் கை தவறிப் பக்கத்துச் சுரத்துக்குப் போனாலும் காதை உறுத்தாது. எல்லையைக் கை ஒரு செ.மீ. தாண்டிய பிறகே சுரம் மாற வேண்டும் என்றும் நிரலில் எழுதுங்கள். இல்லாவிட்டால் எல்லைக்கோட்டில் நிற்கும் கை ரிகரிகரிக என்று நடுங்கும்.

கோளாறு பெரும்பாலும் எதிரொலியில்தான். தொளதொள பருத்திச் சட்டைக் கை ஒலியை விழுங்கிவிடும். மணிக்கட்டில் உள்ளங்கை அளவு அட்டை கட்டினால் சரியாகும். படுத்திருக்கும் குழந்தைக்கு உணரியை மேல்நோக்கி வைத்தால் மின்விசிறியின் இறக்கையும் வாசிக்கத் தொடங்கும். 80 செ.மீ.க்கு மேல் வரும் அளவைத் தள்ளிவிடுங்கள். அப்படித் தள்ளும்போது 'சுரத்தை நிறுத்து' என்ற செய்தியையும் அனுப்ப மறக்கக் கூடாது. மறந்தால் கை போன பிறகும் சுரம் ஊதிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது தாமதம். அசைத்ததும் ஒலித்தால்தான் 'நான் வாசித்தேன்' என்று குழந்தைக்குத் தோன்றும். 30 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை அளந்து, மூன்று அளவில் நடுவே உள்ளதை எடுத்தால் போதும். புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் ஆகாது. அது ஒன்றே 100 முதல் 250 மில்லிசெகண்டைத் தின்னும். ஓ.டி.ஜி. கேபிள் யு.எஸ்.பி. துளையைப் பிடித்துக்கொள்வதால், 3.5 மி.மீ. ஆடியோ துளை உள்ள பழைய போனே இதற்கு உசிதம். மிருதங்க ஒலியை வைத்துவிட்டுக் கருவியைக் குறை சொல்வார்கள். தட்டும் ஒலி சின்னத் தாமதத்தையும் காட்டிக்கொடுக்கும். மெல்ல எழும் வயலினோ குழலோ அதை மறைத்துவிடும்.

காது கேளாத பிள்ளைக்கு ஸ்பீக்கரைப் பலகைமேல் கவிழ்த்து வைத்து, பலகையில் கை வைக்கச் சொல்லலாம். கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குப் பண்ருட்டி பக்கம்தானே. வீணைக்கு உடல் தரும் பலாமரம் அங்கே அரிதல்ல. தடித்த பலகை அதிராது, மெலிதாக இழைத்து வாங்குங்கள்.

தேவனாம்பட்டினம் போலக் கடலோரத்தில் உப்புக்காற்று, உணரியையும் போர்டையும் இணைக்கும் ஜம்பர் வயர் முனைகளில் பச்சை பூக்க வைக்கும். பிறகு சுரம் விட்டுவிட்டு வரும். நான்கு கம்பிகளையும் சால்டர் செய்து, இணைப்பின்மேல் நெயில்பாலிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். உணரியின் இரண்டு 'கண்'களிலும் அது பட்டுவிடக் கூடாது. வலை அடைபட்டால் ஒலி வெளியே வராது.