ஃபில்டரைக் கழுவியும் வாடை போகவில்லையா?

மும்பையில் மழை பிடித்துவிட்டால் பல வீடுகளில் ஏசிக்கு ஓய்வு. அப்புறம் அக்டோபர் வெயில் சுடத் தொடங்கியதும் எல்லாரும் ஒன்றாகப் போடுவார்கள். ஏசி மெக்கானிக்கான என் போன் அந்த வாரம் ஓயாது. "போட்டதும் ஈரச்சாக்கு மாதிரி நாறுது" என்பதுதான் எல்லார் புகாரும்.

போன வருஷம் செம்பூரில் ஒரு மாமி வீட்டுக்குப் போனேன். "மாசம் ரெண்டு தடவை ஃபில்டரைக் கழுவறேன்ப்பா, அப்படியும் ராத்திரி ஏசி போட்டா இருமல்" என்றார். ஃபில்டர் உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. கவரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். காற்றை வெளியே தள்ளும் ப்ளோயரின் ஒவ்வொரு இறக்கையிலும் கறுப்பாகப் பூஞ்சை. அடித்தட்டில் கொழகொழவென்று அழுக்கு. மாமி வாயைப் பொத்திக்கொண்டார்.

காற்றைக் குளிர்விக்கும் காயிலில் (தகடுகள் கோத்த குழாய்கள்) காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. ஃபில்டர் வலைக்குத் தப்பிய நுண்தூசி அதில் ஒட்டுகிறது. ஈரமும் தூசியும் இருட்டும் சேர்ந்தால் கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளுக்கு வேறென்ன வேண்டும்? ப்ளோயர் இருப்பதோ ஃபில்டரைத் தாண்டி. அங்கே முளைப்பதன் வித்துகளைத் தடுக்க வழியில் எதுவும் இல்லை, நேரே கட்டிலுக்குத்தான் வரும். ஆஸ்துமா உள்ளவர்களை இது மிகவும் படுத்தும்.

அதனால் சர்வீஸுக்கு வருபவரிடம் ப்ளோயரைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். முன்பக்கம் மட்டும் தண்ணீர் பீய்ச்சினால் அழுக்கு உள்ளேதான் போகும். தட்டையும் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் பைப்பையும் அலசி, பைப் சரிவாக இறங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கு அதற்கென்று விற்கும் கிளீனர் போதும். பிளீச்சிங் கரைசல் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். அதோடு பாத்ரூம் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. வாசனை ஸ்பிரே எதையும் கொல்லாது.

தினமும் அணைக்கும் முன் 20 நிமிடம் ஃபேன் மோடில் ஓட விடுங்கள். உள்ளே ஈரம் காயும்.

லீஜியோனெல்லா பற்றியும் கேட்கிறார்கள். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கி, 29 பேரைப் பலிவாங்கிய பாக்டீரியா அது. வெதுவெதுப்பான நீரில் வளர்வது. வீட்டு ஸ்பிளிட் ஏசியில் அந்தப் பயம் வேண்டாம். பாந்த்ரா குர்லா பக்கத்துப் பெரிய அலுவலகங்களைப் பராமரிப்பவர்கள்தான் பெரிய ஏசிகளின் சூடான நீரை ஆறவைக்கும் மொட்டைமாடி கூலிங் டவரைக் கவனிக்க வேண்டும். அதன் நீர்த்திவலைகள் வழியாக அந்தப் பாக்டீரியா பரவும்.

இன்னொன்று, ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்காற்றையே சுற்றவிடும். ஒருவருக்குக் காசநோய் இருந்தால் மூடிய அறையில் மற்றவர்களுக்கும் எளிதாகத் தொற்றும். பகலில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். ஏசி சுத்தமான பிறகும் இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம்தான் என்று மாமியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.