தோல் சீவியின் பிடியும் பெருவிரல் நோவும்

கை நோவென்று வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் எந்தக் கத்தியால் மரக்கறி வெட்டுகிறீர்கள் என்பதைத்தான். திருகோணமலையில் உவர்மலையிலிருந்து வந்தாலும் மூதூரிலிருந்து வந்தாலும் முறைப்பாடு ஏறக்குறைய ஒன்றே. திருவலையில் தேங்காய் திருவ முடியவில்லை, இடியப்ப உரலை அமத்த முடியவில்லை. காட்டுவது பெருவிரலின் அடிமூட்டை. "வயசு போனா இப்பிடித்தானே தம்பி" என்று பொறுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். அந்தப் பொறுமைதான் எனக்குக் கவலை.

ஒல்லியான பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது, விரல் நுனியில் கொடுக்கும் விசை பெருவிரலின் அடிமூட்டில் பல மடங்காக இறங்குகிறது. பிடி தடித்திருந்தால் விரல்கள் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை, உள்ளங்கையும் சுமையை வாங்கிக்கொள்ளும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டு செய்த பொருளென்றால், 1990இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒக்ஸோ குட் கிறிப்ஸ் தோல் சீவியைச் சொல்வேன். மூட்டுவாதத்தால் மனைவி பெட்ஸி சீவியைப் பிடிக்கச் சிரமப்பட்டதைக் கண்ட வீட்டுச் சாமான் தொழிலதிபர் சாம் ஃபார்பர், நியூயோர்க்கின் ஸ்மார்ட் டிசைன் நிறுவனத்தைக் கொண்டு அதை வடிவமைப்பித்தார். பிடி தடித்த கறுப்பு றப்பர், ஈரக் கையிலும் வழுக்காது. நீள்வட்டமாக இருப்பதால் கைக்குள் உருளாது. பெருவிரலும் சுட்டுவிரலும் பதியும் இடத்தில் மெல்லிய செதில்கள் வெட்டியிருக்கிறார்கள், அழுத்தினால் விரலுக்கேற்ப வளையும். அதே 1990இல்தான் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் வடிவமைத்த, மூன்று கால் அலுமினிய எலுமிச்சைப் பிழிவானும் வந்தது. பார்க்க அழகு. பிழிந்தால் விதையும் சேர்ந்து கோப்பைக்குள் விழும்.

ஆனால் ஃபார்பரின் சீவியும் அழகானது, அதுவும் வைத்தியத்தின் ஒரு பகுதி என்பது என் கருத்து. நோயாளிக்கென்று தனியாகச் செய்ததுபோல் தெரியும் சாமானைப் பலர் வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். மருமகள் முன்னால் எடுக்க வெட்கம். இந்தச் சீவியோ எல்லோருக்குமென்றே விற்கப்பட்டது. இன்று நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இருக்கிறது.

அதைத் தேடி அலையத் தேவையில்லை. கத்திப் பிடியில் சுத்தமான சைக்கிள் ரியூப் பட்டியை இறுக்கிச் சுற்றுங்கள். கழுவிக் காயவையுங்கள், பிசுபிசுத்தால் மாற்றுங்கள். கடையில் வாங்கும்போது அட்டையோடு பார்த்துவிட்டு வராமல் கையில் பிடித்து, சீவுவதுபோல அசைத்துப் பாருங்கள். பெருவிரல் நுனி வெளுக்குமளவுக்கு இறுக்க வேண்டியிருந்தால் அந்தச் சாமான் வேண்டாம். இடியப்ப மாவை நன்றாகக் கொதித்த தண்ணீரில் இளக்கமாகக் குழைத்தால் உரலை அமத்துவது லேசாகும். திருவலைக்குப் பதிலாக, மேசையில் பூட்டிச் சுற்றும் திருவியில் பாரம் முழங்கைக்கும் தோளுக்கும் பிரிந்துவிடும்.

இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்தால் மட்டும் பிடியை மாற்றிச் சமாளிக்க வேண்டாம். அது மூட்டுகளை அழற்சியால் தாக்கும் முடக்குவாதமாக (rheumatoid arthritis) இருக்கலாம். வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நேரத்தோடு மருந்து தொடங்கினால் விரல்கள் கோணாமல் பெரும்பாலும் காப்பாற்றலாம்.