பனிக்கட்டி கருங்கல்லை உடைப்பது எப்படி?

“பனிக்கட்டியை நகத்தால் கீறினாலே கோடு விழுகிறது. அது கருங்கல் மலையைக் குடையுமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. வெறும் பனிக்கட்டியால் குடைய முடியாதுதான்.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். ஆறு அறுத்தால் ‘வி’ வடிவப் பள்ளத்தாக்கு, பனியாறு (மெல்ல நகரும் பெரும் பனித்திரள்) அறுத்தால் ‘யு’ வடிவம் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். பள்ளத்தாக்கை நிறைத்து நகரும் பனியாறு அடித்தரையோடு பக்கச் சுவர்களையும் தேய்க்கும். மெலிந்த கிளைப் பனியாறு அவ்வளவு ஆழம் தோண்டாது; பனி உருகியதும் அதன் பள்ளத்தாக்கின் வாய் அந்தரத்தில் நின்றுவிடும். அங்குள்ள பிரைடல்வெய்ல் அருவி 189 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுவது அப்படித்தான்.

தேய்ப்பவை பனியின் அடியில் உறைந்து ஒட்டிய கற்கள். உப்புத்தாளில் மணல் மாதிரி. சரி, அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பனியாறு ஒரு பாறை மேட்டைத் தாண்டும்போது, மேட்டின் பின்புறம் பனிக்கும் பாறைக்கும் நடுவே சிறு பொந்து விழும். கோடைப் பகலில் உருகிய நீர் வெடிப்புகள் வழியே இறங்கி அதை நிரப்பி, மேலிருக்கும் பனியின் சுமையில் ஒரு பங்கைத் தாங்கும். இரவில் நீர்வரத்து குறைந்ததும் பொந்தில் அழுத்தம் இறங்கும். அந்தச் சுமை அப்படியே பாறையின் விளிம்புக்கு மாறும். ஆனால் பாறை விரிசலுக்குள் புகுந்த நீர் அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. பழைய அழுத்தத்தோடு உள்ளேயிருந்து நெம்பும். மேலே சுமை, உள்ளே நெம்பல். விரிசல் இம்மியளவு நீளும். இப்படியே பல கோடைகள். ஒருநாள் துண்டு கழன்றதும் பனி அதை உறையவைத்து இழுத்துப்போகும்.

யோசெமிட்டி தேசியப் பூங்காவின் லெம்பர்ட் டோம் குன்றில் இரண்டு வேலையும் தெரியும். பனி ஏறிய பக்கம் வழவழப்பு, இறங்கிய பக்கம் பிளந்துபோட்ட செங்குத்து.

நார்வேயில் எங்காபிரேன் பனியாற்றின் அடியில், சுமார் 200 மீட்டர் பனிக்குக் கீழே, 1992-இல் ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார்கள். நீர்மின் திட்டத்துக்குக் குடைந்த சுரங்கம்தான் அதற்கு வழி. நாமும் இமயமலையில் நீர்மின்சாரத்துக்காகச் சுரங்கம் சுரங்கமாகக் குடைகிறோம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்காவது பனியாற்று ஆய்வுக்குப் போகவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இமயப் பனியாறுகள் அரைத்துத் தள்ளும் பாறைத்தூள் ஆற்றோடு வந்து, நம் மின்நிலையங்களின் டர்பைன்களையும் தேய்க்கிறது.