கிளறாத ரிசோட்டோ: ஓவனுக்குள் அரிசிக்கு என்ன நடக்கிறது?

ஆம்பூர் பிரியாணியைத் தம் போடும்போது அண்டாவுக்கு அடியிலும் தணல் இருக்கும், மூடியின் மேலும் தணல் இருக்கும். அந்த நேரத்தில் யாரும் கரண்டியை உள்ளே விடுவதில்லை. மேலும் கீழும் சூடு சீராக வந்துகொண்டிருந்தால் கிளற வேண்டிய அவசியமே இல்லை என்பது வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பண்டாரிகளுக்குக் கைவந்த விஷயம். இத்தாலிக்காரர்களின் ரிசோட்டோவை ஓவனில் வைத்து எடுப்பதும் அதே கணக்குதான். ஆனால் கிடைக்கும் சோறு நேர் எதிரானது: பிரியாணி உதிரியாக வரும், ரிசோட்டோ தளதளவென்று வரும். ஒரே மாதிரிச் சூட்டில் எப்படி இரண்டு விதமான சோறு? அதைப் புரிந்துகொண்டால் வீட்டில் ரிசோட்டோ செய்வது மிகவும் சுலபம்.

ரிசோட்டோ வட இத்தாலியில், போ ஆற்றுச் சமவெளியில் வழங்கும் சோறு. வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, கழுவாத அரிசியைப் போட்டுப் புரட்டி, காய்களையோ கோழி எலும்பையோ வேகவைத்து வடிகட்டிய ஸ்டாக்கைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, இருபது நிமிடம் போலக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். முடிவில் ஒவ்வொரு பருக்கையும் முழுசாக, நடுவில் லேசாகப் பல்லில் தட்டுப்பட வேண்டும். அதைச் சுற்றி இருக்கும் சாறு மட்டும் கெட்டியாகி, தட்டில் போட்டால் தானாகப் பரவ வேண்டும். பருக்கையே மசிந்துவிட்டால் அது வெண்பொங்கல். அதற்கு வேறு ருசி, வேறு நேரம்.

அந்தக் கெட்டியான சாற்றில் பாலாடை எதுவும் கிடையாது. முழுக்க அரிசியின் மாவுச்சத்துதான். அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாமல் நீளும் சங்கிலி. அமைலோபெக்டின் ஏராளமான கிளைகள் கொண்டது. இரண்டும் மிகச் சிறிய மணிகளுக்குள் இறுக்கமாக அடைபட்டிருக்கின்றன. தண்ணீரோடு சேர்த்துச் சூடாக்கினால், ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரிக்குள் அந்த மணிகள் நீரை உறிஞ்சி ஊதத் தொடங்கும். சில உடையும், உள்ளே இருப்பது கசிந்து தண்ணீரைக் கெட்டியாக்கும். நாம் வடிக்கும் கஞ்சி இதுதான்.

பிரியாணிக்குச் சீரகச் சம்பாவைக் களைந்து ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் அரைவேக்காடாக வேகவைத்து, வடித்துவிட்டுத்தான் மசாலாவோடு சேர்த்துத் தம் போடுகிறார்கள். களையும்போது கழுநீரோடு கொஞ்சம், வடிக்கும்போது கஞ்சியோடு மீதி என்று ஒட்டுகிற மாவெல்லாம் அண்டாவுக்குப் போகும் முன்பே வெளியேறிவிடுகிறது. அதனால் சோறு உதிர்கிறது. ரிசோட்டோவில் களைவதும் இல்லை, வடிப்பதும் இல்லை. கஞ்சி முழுவதும் பாத்திரத்திலேயே தங்குகிறது.

அதனால் எந்த அரிசி என்பது இங்கே பெரிய கேள்வி. இத்தாலியில் அர்போரியோ, கர்னரோலி, வியலோனே நானோ போன்ற குட்டையான, பருத்த ரகங்களைப் போடுவார்கள். பருமனான அரிசி என்பதால் நடுப்பகுதிக்குத் தண்ணீர் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் மேற்புறம் இளகி மாவைக் கொடுத்துவிடும். அர்போரியோ கிடைத்தால் நல்லது, விலைதான் அதிகம். இல்லையென்றால் ஆரணிப் பக்கத்துப் புதுப் பச்சரிசியை எடுங்கள். நம் வீடுகளில் புது அரிசி என்றாலே 'குழைஞ்சிடும்' என்று முகம் சுளிப்பார்கள், ஆனால் இங்கே அந்தக் குணம்தான் வேண்டும். பழைய அரிசியில் மாவு மணிகளைச் சுற்றியுள்ள புரதம் நாளாக ஆக இறுகிப்போகிறது, மணிகள் அவ்வளவாக ஊதுவதில்லை. புழுங்கல் அரிசி கூடவே கூடாது. நெல்லாக இருக்கும்போதே அவித்து உலர்த்தியதால் மாவு ஒருமுறை இளகி மறுபடி இறுகிவிட்டது. எவ்வளவு கிளறினாலும் சாறு நீராகவே நிற்கும். இட்லி அரிசியும் புழுங்கல்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கழுவாமல் அரிசி போடுவதா என்று பலர் தயங்குவார்கள். நியாயமான தயக்கம்தான். அரிசியைப் புடைத்துச் சுத்தம் செய்துகொண்டு, ஆறிய ஸ்டாக்கிலேயே கையால் அலசி வடிகட்டிவிடுங்கள். ஸ்டாக் வெள்ளையாகக் கலங்கும். அந்தக் கலங்கலைக் கொட்டாமல் வைத்திருந்து, பிறகு அதையே கொதிக்கவைத்து ஊற்ற வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அரிசியை எண்ணெயில் வறுக்கும்போது மேற்புற மாவின் சங்கிலிகள் ஓரளவு துண்டாகி, கெட்டியாக்கும் சக்தியை இழக்கின்றன. அலசி எடுத்த மாவு அந்தச் சூட்டுக்குத் தப்பித்துவிடுகிறது. வறுத்த வாசனையும் கிடைக்கும், கெட்டியும் கிடைக்கும்.

சரி, இருபது நிமிடம் கிளறுவது எதற்காக? பருக்கைகள் ஒன்றோடொன்று உரசி மாவு கழன்று வருகிறது, அது உண்மை. ஆனால் முக்கியமான காரணம் அடுப்பு. கேஸ் அடுப்பில் சூடு அடியிலிருந்து மட்டும் வருகிறது. சாறு நீர்த்து இருக்கும்வரை சூடான தண்ணீர் மேலே ஏற, ஆறியது கீழே இறங்க, தானாகவே சுழற்சி நடக்கும். கெட்டியானதும் அந்தச் சுழற்சி நின்றுவிடும். அடியில் இருக்கும் ஈரம் வற்றி, அந்த இடம் மட்டும் 100 டிகிரியைத் தாண்டி அடிப்பிடிக்கும். மேலே இருக்கும் அரிசியோ இன்னும் விறைப்பாக இருக்கும். கரண்டி செய்கிற பெரிய வேலை, அந்த ஒருபக்கச் சூட்டைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான்.

ஓவனில் சூடு எல்லாப் பக்கமும் இருந்து வருகிறது. அதுவும் நிதானமாக, ஏனென்றால் காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். தண்ணீர் கடத்துவதில் சுமார் இருபதில் ஒரு பங்குதான். 180 டிகிரி ஓவனுக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுக்க முடிகிறது, கொதிக்கும் தண்ணீரில் முடியாது. பாத்திரத்தின் எந்த இடமும் தனியாகக் காய்ந்து கருகுவதற்கு வழியில்லை. வெளியே 180 இருந்தாலும், உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அரிசி கொதிநிலையைத் தாண்டாது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 70 கிலோகலோரி போதும். அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க 540 தேவை. அதிகப்படியாக வரும் சூட்டையெல்லாம் ஆவி வாங்கிக்கொள்ளும். வேலூரில் கொதிநிலை 99 டிகிரியை ஒட்டி இருக்கும். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏலகிரியில் 96 டிகிரி போல இருக்கும், அங்கே செய்தால் சில நிமிடம் கூடுதலாக வையுங்கள். ஓவனைக் கூட்டி வைத்து அந்த நேரத்தைக் குறைக்க முடியாது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. அதே ஓவனில் பக்கத்திலேயே ஒரு தட்டில் இலவம்பாடி முள் கத்தரிக்காயை இரண்டாகப் பிளந்து, எண்ணெய் உப்பு தடவித் திறந்தபடி வையுங்கள். கத்தரியின் சதை பஞ்சுபோன்றது, உள்ளே காற்றறைகள் நிறைய. முதலில் நீர் வெளியேறிச் சதை அமுங்கும். வெட்டிய முகத்தில் ஈரம் வற்றியதும் சூடு 140 டிகிரியைத் தாண்டிப் பழுப்பேறத் தொடங்கும், சுட்ட வாசனை வரும். மூடிய பாத்திரத்துக்குள் இருக்கும் சோறு மட்டும் வெள்ளையாகவே வேகும். பிறகு அந்தக் கத்தரியின் சதையை வழித்துச் சோற்றோடு சேர்த்தால் அவ்வளவு ருசி.

இனி செய்முறை. நாலு பேருக்கு 300 கிராம் அரிசி, ஒரு லிட்டர் ஸ்டாக். ஓவன் சூட்டைத் தாங்கும் மூடியோடு பாத்திரம் இங்கே குறைவாகத்தான் கிடைக்கும், அதனால் பிளாஸ்டிக் கைப்பிடி இல்லாத, அடி கனத்த பாத்திரமாகப் பாருங்கள். மூடி இல்லையென்றால் அலுமினியத் தாளை இறுக்கிக் கட்டலாம். ஓடிஜி எனப்படும் சின்ன மின்சார ஓவன் என்றால் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் சூடாகும்படி வைக்க வேண்டும். கீழ்க் கம்பி மட்டும் என்றால் அதுவும் ஒருபக்கச் சூடுதான். ஓவன் 180 டிகிரிக்கு வந்த பிறகு, அடுப்பில் சின்ன வெங்காயத்தை வதக்கி, அலசிய அரிசியை இரண்டு மூன்று நிமிடம் வறுத்து, 800 மில்லி ஸ்டாக்கைத் தளதளவென்று கொதிக்கும்போது ஊற்றி, மூடி உள்ளே தள்ளுங்கள். ஸ்டாக் கொதிநிலையில் இருப்பது அவசியம். ஆறிய ஸ்டாக் என்றால் இந்த மெதுவான காற்று அதைச் சூடாக்கவே வெகுநேரம் ஆகும், அதற்குள் அரிசி ஊறிப்போய் மேலே குழைந்துவிடும். பச்சரிசி என்றால் 20 நிமிடத்தில் ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள். அர்போரியோ 25 நிமிடம் வரை போகும்.

வெளியே எடுத்துத் திறந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சோறு ஒரு பக்கம், மேலே மெல்லிய சாறு ஒரு பக்கம் என்று நிற்கும். மாவு ஏற்கெனவே இளகித்தான் இருக்கிறது, பருக்கைகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீதி 200 மில்லியைச் சூடாக ஊற்றி, இரண்டு நிமிடம் வேகமாகக் கிளறினால் கண்முன்னாலேயே சாறு வெளுத்துத் திரளும். இந்த ஒரு கிளறலை மட்டும் விட்டுவிடக் கூடாது. கொதி அடங்கியதும் வெண்ணெயையும் துருவிய பார்மசான் சீஸையும் சேருங்கள். கஞ்சியின் கெட்டி, உருகும் கொழுப்பைச் சின்னச் சின்னத் துளிகளாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், எண்ணெய் பிரியாது. கொதிக்கும்போதே சீஸைப் போட்டால் அதன் புரதம் சுருங்கி நூல் நூலாகத் திரண்டுவிடும். இத்தாலியில் தொடக்கத்தில் வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள். அந்தப் புளிப்புக்குக் கடைசியில் சில சொட்டு எலுமிச்சை போதும்.

உடனே பரிமாறிவிடுங்கள். ஆற ஆறக் கசிந்த அமைலோஸ் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து இறுகும், பரவிய சோறு கட்டியாகிவிடும். மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கரண்டிக்கே வளையாது. சிசிலியில் அப்படி இறுகிய சோற்றை உருட்டி, நடுவில் சீஸ் வைத்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிக்கிறார்கள். இறுகியிருப்பதால்தான் அந்த உருண்டை எண்ணெயில் பிரியாமல் நிற்கிறது.