பெட்டி பூட்டுவதற்கு முன் விற்சுருளை அளந்து பாருங்கள்

மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, இரு பக்கமும் பெட்டிகளில் சாமான் நிறைத்துக்கொண்டு, கண்டி வீதியால் இரவில் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். மாங்குளம் தாண்டியதிலிருந்து எதிரே வந்த வாகனங்கள் ஒன்று விடாமல் லைற்றை அணைத்துப் போட்டு என்னை எச்சரித்தன. என்னுடைய விளக்கோ தாழ்ந்த ஒளியிலேயே இருந்தது. ஆனாலும் ஒளி வீதியோரப் பாலை மரங்களின் கிளைகளில் விழ, சில்லுக்கு முன்னால் இருந்த வீதி இருண்டு கிடந்தது. பல்ப் பிழையென்று அன்று நினைத்தேன். பிழை பின்சில்லுக்கு மேலிருந்த விற்சுருளில் இருந்தது என்பதை அறிய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

இங்கே ட்ரெயில் பைக் என்று அழைக்கப்படும் ஹொண்டா பஹா, சுசுகி ஜெபெல், யமஹா செரோ போன்றவை பெரும்பாலும் ஜப்பானில் ஓடி, பின்னர் இலங்கைக்கு வந்து, மேலும் சிலரின் கைமாறி நம்மிடம் சேர்ந்தவை. நீண்ட பயணத்துக்கு அவற்றை விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. ஜெபெல் 250 எக்ஸ்சியின் தாங்கியில் 17 லீற்றர் பெற்றோல் பிடிக்கும், இருக்கை உயரமானது, சில்லு மேலும் கீழும் அசையும் தூரம் சாதாரண மோட்டார் சைக்கிளைவிட மிக அதிகம். ஆனால் இவற்றின் சுருள்கள் அநேகமாக ஒருவர் தனியே ஏறி ஓடுவதை மனத்தில் வைத்துத் தெரிவு செய்யப்பட்டவை. வாங்கியவுடன் நாம் பூட்டும் பெட்டி, இரும்புச் சட்டம், மேலதிக விளக்கு, காற்றுத்தடுப்பு அனைத்தும் அந்தக் கணக்கைக் குலைக்கின்றன. பழைய ட்ரெயில் பைக்கில் செலவிடும் முதற்காசு சுருளுக்கும், அதற்குள் நிற்கும் ஷொக் அப்சோபரின் (சொக்) ஒயிலுக்கும் போகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

விற்சுருளின் நடத்தையை 1678 இல் றொபேட் ஊக் வெளியிட்டார்: எவ்வளவு விசையோ அவ்வளவு நீட்சி. அமுக்கத்திற்கும் இதுவே விதி. ஒரு சுருளை 1 மில்லிமீற்றர் அமுக்க 90 நியூற்றன் வேண்டுமானால், 10 மில்லிமீற்றர் அமுக்க 900 நியூற்றன் வேண்டும். ஆனால் பின்சில்லு சுருளை நேரடியாக அமுக்குவதில்லை. பின்சில்லைத் தாங்கி மேலும் கீழும் ஊசலாடும் கையும், பல வண்டிகளில் அதனோடு சேர்ந்த இணைப்புத் துண்டுகளும் நெம்புகோலாக நின்று அமுக்குகின்றன. சில்லு 3 மில்லிமீற்றர் ஏறும்போது சுருள் 1 மில்லிமீற்றர் மட்டுமே அமுங்குவதாக வைத்துக்கொள்வோம். சில்லில் உணரப்படும் விசை சுருளின் விசையில் மூன்றிலொன்றாகிறது, தூரமோ மும்மடங்காகிறது. ஆகவே 90 நியூற்றன் சுருள், சில்லின் இடத்தில் ஒன்பதிலொன்றாக, மில்லிமீற்றருக்கு 10 நியூற்றன் கடினத்தையே தருகிறது. நெம்பு விகிதம் இருமுறை பெருக்கப்படுவதை மறப்பதால்தான் "முப்பது கிலோ சாமான் என்ன செய்துவிடும்" என்று பலர் எண்ணுகிறார்கள்.

என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பின்சில்லின் மொத்த அசைவு 240 மில்லிமீற்றர் என்றும், சுருள் ஏற்கெனவே 10 மில்லிமீற்றர் அமுக்கிப் பூட்டப்பட்டிருக்கிறது என்றும் கொள்வோம். இந்த முன்னமுக்கத்தால் சில்லில் 300 நியூற்றன் சுமை வரும்வரை எதுவும் அசையாது. வண்டியின் சொந்தப் பாரத்தில் பின்சுருள் தாங்கும் பங்கு 490 நியூற்றன் என்றால், அது தன் பாரத்தாலேயே 19 மில்லிமீற்றர் தாழும். 70 கிலோ எடையுள்ளவர் ஏறினால் பின்பக்கம் ஏறத்தாழ 45 கிலோ, அதாவது 441 நியூற்றன் சேர்ந்து, மொத்தத் தாழ்வு 63 மில்லிமீற்றர் ஆகும். இதுவரை பிழையில்லை, இவ்வகை வண்டிக்கு, ஓடுபவர் ஏறியபின் மொத்த அசைவில் மூன்றிலொரு பங்கு வரை தாழ்வது நல்லது. இனி, பின் அச்சுக்கு 200 மில்லிமீற்றர் பின்னால் 30 கிலோ பெட்டியை வையுங்கள். இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 1400 மில்லிமீற்றர் ஆகையால், பின்சில்லில் 30 அல்ல, 34 கிலோ ஏறுகிறது. முன்சில்லில் இருந்து 4 கிலோ கழிகிறது. அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு பொருளும் முன்சில்லைத் தூக்கவே பார்க்கும். இதனோடு பின்னால் ஒருவர் இருந்தால் பின்பக்கம் இன்னும் 50 கிலோ. மொத்தத் தாழ்வு ஏறத்தாழ 145 மில்லிமீற்றர். பள்ளத்தை வாங்குவதற்கு மீதமுள்ளது 95 மட்டுமே.

தனியே ஓடும்போது இருந்ததைவிடப் பின்பக்கம் 80 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கியதால் வண்டி முழுவதும் 3 பாகைக்கு மேல் பின்னோக்கிச் சரிகிறது. 30 மீற்றர் தூரத்தில் அந்தச் சரிவு ஒளிக்கற்றையை ஒன்றரை மீற்றருக்கு மேல் உயர்த்தும். எதிரே வந்தவர்களின் கண்ணில் அடித்தது அதுதான். கைபிடியிலும் அன்று மாற்றம் இருந்தது. முன்சில்லைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான முன்போக்கின் சாய்வு கூடியதால் வண்டி வளைவுகளில் திரும்பச் சோம்பியது. முன்சில்லின் பாரம் குறைந்ததால் அது வீதியைப் பிடிக்கும் பிடியும் குறைந்தது. ஆனையிறவில் பக்கக்காற்று அடித்தபோது முன்பக்கம் மிதப்பதுபோல் இருந்ததற்கு விளக்கம் இவ்வளவே.

கராஜில் எனக்குக் கிடைத்த ஆலோசனை, "தம்பி, சொக்கை இன்னும் ரெண்டு சுத்து இறுக்கினாச் சரி" என்பது. யாழ்ப்பாணத்தில் மட்டுமன்றி எங்கும் நிலவும் எண்ணம் இது: இறுக்கினால் சுருள் கடினமாகும். ஆகாது. முன்னமுக்கம் சுருளின் மாறிலியை, அதாவது அதை ஒரு மில்லிமீற்றர் அமுக்க வேண்டிய விசையை, தொடுவதில்லை. சுருள் அசையத் தொடங்கும் புள்ளியை மட்டுமே நகர்த்துகிறது. நம் உதாரணத்தில் மேலும் 10 மில்லிமீற்றர் இறுக்கினால், சுமையேறிய வண்டியின் பின்பக்கம் 30 மில்லிமீற்றர் உயரும் என்பது உண்மைதான். ஆனால் சில்லில் இப்போது 600 நியூற்றன் வரும்வரை அசைவில்லை. வண்டியின் சொந்தப் பாரமோ 490. சாமானை இறக்கியபின் வண்டி தன் பாரத்தில் ஒரு மில்லிமீற்றர்கூடத் தாழாது நிற்கும். அப்படி நிற்கும் வண்டியின் பின்சில்லுக்குக் குழிக்குள் இறங்கி நிலத்தைத் தொட இடமில்லை. நீட்சியின் முடிவில் டக்கென்று தட்டிக்கொண்டு துள்ளும். சுருள் மென்மையானதா என்பதைச் சொல்லும் அடையாளமும் இதுவே: ஓடுபவரோடு தாழ்வைச் சரியாக்க மிகவும் இறுக்கவேண்டியிருந்து, அதனால் வெறும் வண்டி தாழவே மறுத்தால், அந்தச் சுருள் உங்கள் சுமைக்கு உரியதல்ல.

இதை அறிய ஓர் அளவுநாடாவும் உதவிக்கு ஒருவரும் போதும். வண்டியை ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லைத் தொங்கவிட்டு, அச்சிலிருந்து நேர்மேலே பின்சட்டத்தில் குறித்த ஓரிடம் வரை அளக்கவேண்டும். பின்னர் நிலத்தில் இறக்கி வெறும் வண்டியாக ஒருமுறையும், ஓடுபவர் வழமையான உடையோடு ஏறியபின் ஒருமுறையும், முழுச் சுமையோடு ஒருமுறையும் அதே இடத்தை அளக்கவேண்டும். வெறும் வண்டியின் தாழ்வு 20 முதல் 40 மில்லிமீற்றருக்குள் இருந்தால் நல்லது. உதாரண வண்டியில் 110 நியூற்றன் சுருளைப் போட்டு, முன்னமுக்கத்தை 8 மில்லிமீற்றராக வைத்தால், அதே இரட்டைச் சுமையில் தாழ்வு 145 இலிருந்து 120 ஆகக் குறைகிறது. வெறும் வண்டியும், 20க்குச் சற்றுக் குறைவாயினும், 16 மில்லிமீற்றர் தாழ்கிறது. ஒரே சுருள் எல்லாச் சுமைக்கும் பொருந்தாது. பெரும்பாலும் எப்படி ஓடுகிறீர்களோ அதற்கேற்பத் தெரிவு செய்யவேண்டும்.

சுருள் சக்தியைச் சேமித்துத் திருப்பித் தருமேயன்றி அழிப்பதில்லை. அழிப்பது ஒயிலின் வேலை. ஷொக் அப்சோபருக்குள் இருக்கும் ஆடுதண்டு, சிறிய துளைகள் வழியாகவும் வளையும் மெல்லிய உருக்குத் தட்டுகளுக்கு ஊடாகவும் ஒயிலைத் தள்ளுகிறது; சில்லின் அசைவுச் சக்தி அங்கே வெப்பமாகிறது. நெடுநேரம் கிறவல் பாதையில் ஓடியபின் அந்த உருளையைத் தொட்டால் சூடு தெரியும். சூடேற ஒயிலின் பிசுக்குமை குறைகிறது, ஆட்டத்தை அடக்கும் தணிப்பும் குறைகிறது. வேகமாக நகரும் ஆடுதண்டின் பின்னால் அமுக்கம் வீழ்ந்து குமிழிகள் தோன்றலாம். குமிழி கலந்த ஒயில் துளைவழியே எதிர்ப்பின்றிப் போய்விடும். இதைத் தடுக்கவே பின் ஷொக்குக்குள் நைதரசன் வாயு உயர் அமுக்கத்தில் அடைக்கப்படுகிறது. இருபது வருடங்கள் திறக்கப்படாத ஷொக்கில் ஒயில் கறுத்து, வாயுவும் கசிந்திருக்கக்கூடும். பின்பக்கத்தை அமுக்கிக் கைவிட்டால் ஒருமுறை எழுந்து நிற்கவேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் தணிப்பு போய்விட்டது. கடினமான சுருள் கூடிய விசையோடு திரும்பி எழும் என்பதால், சுருளை மாற்றுபவர் ஒயிலையும் புதுப்பித்து, திருகு இருந்தால், சுருள் மீண்டு எழுவதை அடக்கும் மீள்தணிப்பையும் சற்றுக் கூட்டவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வாங்குபவர் உப்புக்காற்றை மறக்கக்கூடாது. பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பகுதிக்குப் போய்வந்த வண்டியின் முன்போக்குக் குழாய்களில், குரோம் பூச்சுக்குக் கீழே துரு பிடித்து ஊசிமுனைப் புள்ளிகள் தோன்றியிருக்கும். நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்கினால், அந்தப் புள்ளி ஒவ்வொரு அசைவிலும் ஒயில் சீலை அறுக்கும். வடிந்த ஒயில் முன் பிறேக்கில் போய்ச் சேரலாம். பின்சில்லைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டும்போது தளர்வு தெரிந்தால் இணைப்புத் துண்டுகளின் ஊசிப் பெயாரிங்குகள் கிறீஸ் இன்றித் தேய்ந்துவிட்டன என்று பொருள். விலை பேசும்போது இதைக் கணக்கில் எடுங்கள்.

நான் இப்போது கனமானவற்றை, அதாவது கருவிகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும், தாங்கிக்கு அருகே இரு பக்கமும் தொங்கும் பைகளில் வைத்து, பின் பெட்டியில் உடுப்பு மட்டும் போடுகிறேன். மணற்காட்டில் மணலுக்குள் இறங்குவதற்கு முன் ரயரின் காற்றைக் குறைத்து, வீதிக்கு ஏறியதும் மீண்டும் அடிக்கிறேன். வீட்டுக்கு வந்தவுடன் போக்குக் குழாய்களை நல்ல தண்ணீரில் கழுவி, உலரத் துடைத்து, சீலின் உதட்டில் ஒட்டியிருக்கும் மணலை மெல்லிய துணியால் எடுத்துவிடுகிறேன். கடைசியாக, மனைவியையும் பெட்டிகளையும் ஏற்றி மதிலுக்கு நேரே வண்டியை நிறுத்தி, விளக்கின் திருகைத் திருப்பி, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழுமாறு வைத்தேன்.